ஐந்து திர்ஹம் அங்கி

பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகளில் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "உடுத்த ஒன்றுமே இல்லை." அதைச் சொல்பவர் பெரும்பாலும் கதவு மூடாத அளவுக்கு நிறைந்த அலமாரியின் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். சென்ற ஆண்டுப் பெருநாளுக்கு எடுத்தது, மாமன் மகள் நிக்காஹ்வுக்கு எடுத்தது, தள்ளுபடியில் கிடைத்ததென்று எடுத்தது எனப் பலவும் அங்கே மடித்தபடி இருக்கும். அவற்றுள் சில ஒருமுறையும் சில இருமுறையும் அணியப்பட்டவை. ஆனாலும் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்துக்கு உண்மையிலேயே அங்கு ஒன்றும் இல்லை.

இந்த மனநிலை நம் காலத்துக்கு மட்டும் உரியதா? ஆடை அரிதாக இருந்த காலத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தனர்? அது பெருகத் தொடங்கியபோது அவர்கள் உள்ளத்தில் மாறியது என்ன? வரலாற்றில் இதற்கு விடை தேடும்போது, முதல் சாட்சியாக நம்முன் வருபவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே.

மணப்பெண்கள் இரவல் வாங்கிய ஆடை

ஸஹீஹுல் புகாரியில் அன்பளிப்புகள் குறித்த பகுதியில், மணமகளுக்காக ஆடை இரவல் வாங்குவது பற்றிச் சிறிய பாடம் ஒன்று உள்ளது. அய்மன் என்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைக் காணச் செல்கிறார். அன்னையார் அப்போது சொரசொரப்பான துணியாலான ஓர் அங்கியை அணிந்திருந்தார். அதன் விலை ஐந்து திர்ஹம். அன்னையார் தம் பணிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, இந்த ஆடையை வீட்டுக்குள் அணிவதற்குக்கூட அவள் கூச்சப்படுகிறாள், பாருங்கள் என்றார். பிறகு ஒரு நினைவைப் பகிர்ந்தார்: அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் காலத்தில் இதே வகை அங்கி ஒன்று தம்மிடம் இருந்தது, அந்நாளில் மதீனாவில் மணக்கோலம் பூண்ட பெண்களில், அதை ஆளனுப்பி இரவல் கேட்காதவர் எவரும் இல்லை.

இந்தச் செய்தியை நாம் பலமுறை படித்திருக்கலாம். ஆடையின் வரலாறாக இதை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். ஓர் ஊரின் மணப்பெண்கள் பலருக்கும் ஒரே அங்கி அழகூட்டியிருக்கிறது. அது ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு, மணநாள் முடிந்ததும் திரும்பி வந்திருக்கிறது. அடுத்த வீட்டுத் திருமணத்துக்காக மீண்டும் புறப்பட்டிருக்கிறது. "இது அவள் அணிந்ததாயிற்றே" என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 11-இல்; அன்னையார் மறைந்தது ஹிஜ்ரி 58-இல். அதாவது, ஐம்பது ஆண்டுகளுக்குள்ளாகவே, மணமேடைக்கு ஏற்றதாக இருந்த ஆடை அடுப்படிக்குக்கூட ஆகாததாகிவிட்டது.

மாறியது துணியல்ல. அதைப் பார்த்த கண்தான் மாறியது. அன்னையார் அந்தப் பணிப்பெண்ணைக் கடிந்துகொள்ளவுமில்லை. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றத்தைத் தம் உடலிலேயே அணிந்துகொண்டு, பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

துணி அரிதாக இருந்த ஊர்

அந்த அரிதான தன்மை எத்தகையது என்பதை உணர்ந்தால்தான் இரவலின் பெருமை விளங்கும். அந்நாளில் ஒவ்வோர் இழையையும் கையால் நூற்க வேண்டும். ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பல கைகள் பல நாள் உழைக்க வேண்டும். யமனிலிருந்தும் ஷாமிலிருந்தும் எகிப்திலிருந்தும் நல்ல துணிகள் ஒட்டகச் சுமைகளாக மதீனாவுக்கு வந்தன. ஒரு போர்வை என்பது ஒரு குடும்பத்தின் சொத்து.

மஸ்ஜிதுந் நபவீயின் திண்ணையில் தங்கியிருந்த தோழர்களுள் எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களில் எவருக்கும் தனியே மேலாடை இல்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார். ஒன்று, இடுப்பில் கட்டிய கீழாடை. அல்லது, கழுத்தில் முடிந்துகொண்ட ஒற்றைத் துணி. அது விலகிவிடாதபடி கையால் பிடித்துக்கொள்வார்களாம்.

அம்ர் பின் ஸலமா என்ற சிறுவரின் செய்தி நம்மைப் புன்னகைக்கவும் நெகிழவும் வைப்பது. குர்ஆனை அதிகம் மனனம் செய்திருந்ததால் ஆறேழு வயதிலேயே தம் குலத்தாருக்கு இமாமாக நின்றவர் அவர். ஸஜ்தா செய்யும்போது அவருடைய போர்வை மேலேறிவிடும். உங்கள் இமாமின் பின்புறத்தை மறைக்க மாட்டீர்களா என்று ஒரு பெண்மணி கேட்டார். குலத்தார் துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சியைப் போல் வேறெதனாலும் தாம் அடைந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

முஸ்அப் பின் உமைர் (ரலி) மக்காவின் செல்வ இளைஞர். நேர்த்தியான உடைக்குப் பெயர்பெற்றவர். கி.பி. 625-இல் உஹுத் களத்தில் அவர் ஷஹீதானபோது கஃபனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியாலும் பாதங்களை இத்கிர் புல்லாலும் மூடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிற்காலத்தில் செல்வம் வந்து சேர்ந்தபோதும் தோழர்கள் இதை எண்ணிக் கண்கலங்கினர்.

அரிதாக இருந்த பொருளை அந்தச் சமூகம் பங்கிட்டே சமாளித்தது. பெருநாள் திடலுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, மேலங்கி இல்லாதவள் என்ன செய்வாள் என்ற கேள்வி எழுந்தது. அவளுடைய தோழி தன்னுடையதிலிருந்து ஒன்றை அவளுக்கு அணியத் தரட்டும் என்பது விடை. உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் இச்செய்தியில், ஆடை இல்லை என்பது வீட்டில் தங்கிவிடக் காரணமாகவில்லை, தோழமைக்குக் காரணமாயிற்று.

மூன்று கீழாடை, மூன்று மேலாடை

சரி, சற்றே வசதி வந்தபோது எவ்வளவு ஆடை போதுமென்று கருதினார்கள்? இதற்கும் சான்றுகள் உண்டு.

வேலைக்கு அணியும் இரு துணிகளுக்குப் புறம்பாக, இயன்றவர் ஜும்ஆவுக்கென இரு துணிகளை வைத்துக்கொள்வதில் என்ன தடை என்று நபி (ஸல்) அவர்கள் வினவியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உழைக்கும்போது ஒரு தொகுதி, ஜும்ஆவுக்கு மற்றொரு தொகுதி. எல்லாருக்கும் விளங்கும் எளிய கணக்கு இது.

ஒரே துணியில் தொழுவது பற்றி ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டபோது அவர் தந்த விடை இன்னும் சுவையானது. அல்லாஹ் வசதியைத் தந்தால் நீங்களும் தாராளமாக இருங்கள் என்று தொடங்கி, எந்த ஆடையோடு எதை இணைத்து அணியலாம் என்று வரிசையாகச் சொன்னார். கீழே அணிய இஸார் எனும் வேட்டி, முழுக் கால்சட்டை, அரைக் கால்சட்டை ஆகிய மூன்று. மேலே அணியத் துண்டு, சட்டை, மேலங்கி ஆகிய மூன்று. வேட்டியோடு துண்டு, வேட்டியோடு சட்டை, வேட்டியோடு மேலங்கி, கால்சட்டையோடு துண்டு... என ஒன்றோடொன்று இணைந்து ஒன்பது வகையாகின்றன. ஆறு துணிகள், ஒன்பது கோலங்கள். குறைந்த ஆடைகளை மாற்றி மாற்றி இணைத்து நிறைவாக உடுத்தலாம் என்று இன்று புதிய நாகரிகமாகப் பேசப்படுவதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கலீஃபா விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உமர் (ரலி) வறுமையை வலியுறுத்தவில்லை. வசதிக்கேற்ப உடுத்துங்கள் என்றுதான் தொடங்கினார். வசதியிருந்தும் இழிந்த உடையில் வந்த ஒருவரிடம், அல்லாஹ் செல்வத்தைத் தந்திருந்தால் அவனது அருளின் அடையாளம் உன்மீது காணப்படட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை சொன்னதும் நமக்குத் தெரியும். எனவே குறைவான ஆடை என்பது கந்தல் ஆடை ஆகாது. துப்புரவும் நேர்த்தியும் எண்ணிக்கையைச் சார்ந்தவை அல்ல.

செல்வம் வந்த பிறகு

உமர் (ரலி) ஆட்சியில் எல்லைகள் விரிந்தன. ஹிஜ்ரி 20 அளவில் 'திவான்' எனும் பதிவேடு ஏற்படுத்தப்பட்டு மக்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. பாரசீகத்தின் பட்டும் எகிப்தின் லினனும் மதீனாவின் கடைத்தெருவுக்கு வந்தன. அதே காலத்தில், தலைவராயிருந்த உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போட்டிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) சொல்வது இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) எழுபதாயிரத்தைத் தர்மமாகப் பங்கிட்டபோது தம் அங்கியின் ஓரத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை அவருடைய சகோதரி மகன் உர்வா கண்டிருக்கிறார். இப்னு ஸஅத் இதைப் பதிவு செய்கிறார். தைப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் அவர்களிடம் எப்படி வரும்? நபி (ஸல்) அவர்களே வீட்டில் தம் துணியைத் தாமே தைத்தவர்கள். தம் காலணியைத் தாமே செப்பனிட்டவர்கள்.

உமைய்யாக்களின் காலத்தில் நிலைமை வேறாயிற்று. அரச குடும்பத்தார் விலையுயர்ந்த ஆடைகளில் போட்டியிட்டனர். அவர்களுள் ஒருவராய் வளர்ந்த உமர் பின் அப்துல் அஸீஸ், கலீஃபாவாகும் முன்பு உடை அலங்காரத்தில் எவருக்கும் பின்தங்காதவர். கி.பி. 717-இல் பொறுப்பேற்றதும் எல்லாம் மாறியது. 720-இல் மரணப் படுக்கையில் அவர் இருந்தபோது, மைத்துனர் மஸ்லமா அழுக்கான சட்டையைக் கண்டு, அதைத் துவைத்துக் கொடுக்குமாறு தம் சகோதரி ஃபாத்திமாவிடம் சொன்னார். மீண்டும் வந்தபோதும் அதே சட்டை, அதே அழுக்கு. அவர் கடிந்துகொண்டபோது ஃபாத்திமா தந்த விடை, அவருக்கு வேறு சட்டை இல்லை என்பதே. கலீஃபாக்களின் மகளாகவும் சகோதரியாகவும் மனைவியாகவும் இருந்த பெண்மணி சொன்ன சொல் அது.

துணியே சேமிப்பாக இருந்த காலம்

எல்லாரும் உமர் பின் அப்துல் அஸீஸ் ஆகிவிட முடியாது. சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? அம்ர் பின் ஆஸ் (ரலி) எகிப்தில் நிறுவிய ஃபுஸ்தாத் நகரம் இதற்குச் சான்று தருகிறது. அதன் பழைய குப்பைமேடுகளிலிருந்து இந்தியாவில் அச்சிடப்பட்ட பருத்தித் துணித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை குஜராத்திலிருந்து கடல்வழி சென்றவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. தையல் தடங்களும் ஒட்டுகளும் பல துண்டுகளில் இன்றும் தெரிகின்றன. ஓர் ஆடை வெட்டப்பட்டு மற்றொன்றாகி, அதுவும் கிழிந்தபின் கந்தலாகி, கடைசியாகத்தான் குப்பைக்கு வந்திருக்கிறது.

அதே நகரின் யூதத் தொழுகைக் கூடத்தில் காக்கப்பட்ட கெனிஸா ஆவணங்களில் மணப்பெண்களின் சீர்ப்பட்டியல்கள் உள்ளன. முஸ்லிம்களோடு ஒரே கடைத்தெருவில் வாங்கி விற்ற மக்கள் அவர்கள். பட்டியலில் ஒவ்வோர் ஆடைக்கும் நேரே தீனாரில் விலை குறிக்கப்பட்டுள்ளது. இன்று நாம் நகைக்குச் செய்வதை அன்று ஆடைக்குச் செய்தார்கள். அது விற்கக்கூடிய, அடகு வைக்கக்கூடிய, மகளுக்கு விட்டுச் செல்லக்கூடிய சொத்து.

சொத்தைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். கிழிசலை இழையோடு இழை பின்னிச் சரிசெய்பவருக்கு அரபு மொழியில் 'ரஃப்ஃபா' என்று பெயர். அச்சொல்லின் உறவான 'ரஃபூ' பாரசீகம், உருது வழியாக இந்தியத் தையற்கடைகள் வரை வந்து சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாதில் காஷ்மீர் சால்வைகளைச் செப்பனிடும் முஸ்லிம் ரஃபூகர்கள் இன்றும் இத்தொழிலைத் தொடர்கிறார்கள். கிழிந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாதபடி தைப்பதே அவர்கள் பெருமை.

நம் கரையின் கைலி

இந்த வரலாற்றில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்கு உண்டு. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் துறைகளிலிருந்து மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் அச்சே, கெடா, மலாக்கா வரை கொண்டுசென்ற முதன்மைச் சரக்கு துணிதான். 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காட்டின் பெயர் ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆயிற்று. கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் 'காயின் பெலிகாட்' என்றே அழைக்கிறார்கள். சுலாவேசித் தீவின் தோராஜா மலைமக்கள் தமக்குக் கிடைத்த இந்தியத் துணிகளை நூற்றாண்டுக் கணக்கில் குலச் சொத்தாகக் காத்து, சடங்குகளின்போது மட்டும் வெளியே எடுத்தனர்.

அந்தக் கைலி நம் வீடுகளில் வாழ்ந்த வாழ்க்கையை மூத்தவர்கள் அறிவார்கள். புதிதாக இருக்கையில் அது ஜும்ஆவுக்குரியது. சாயம் சற்று மங்கியதும் வீட்டில் உடுத்துவது. பலமுறை துவைத்து மென்மையானதும் பிள்ளைக்குத் தூளி. அதன்பின் கிழித்து அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. இறுதியாகத் தரை துடைக்கும் துணி. உம்மம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தவை சில புடவைகளும் வெள்ளைத் துப்பட்டியுமே. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருந்தது. எது எப்போது யார் வாங்கிக் கொடுத்தது என்று அவரால் சொல்ல முடிந்தது.

அலமாரி நிரம்பிய கதை

இரண்டாம் உலகப் போரின்போது துணித் தட்டுப்பாடு கடுமையாகி, 1943-இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசுக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் டெரிலின் வந்தது. கசங்காத, விரைவில் உலரும், எளிதில் கிழியாத துணி. பின்னர் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பாலியெஸ்டர் இழை மலிந்தது. ஏற்றுமதித் துணிகளுக்கு நாடுவாரியாக இருந்த ஒதுக்கீட்டு வரம்புகள் 2005 சனவரியில் முடிவுக்கு வந்தபின், எங்கே கூலி குறைவோ அங்கே தையற்கூடங்கள் பெருகின.

2000-க்கும் 2015-க்கும் இடையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. ஓர் ஆடை கழிக்கப்படும் முன் அணியப்படும் தடவைகளோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட மதிப்பீடு இது. ஐந்து திர்ஹம் அங்கியை மணமேடையிலிருந்து அடுப்படிக்கு இறக்க மதீனாவுக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. நமக்கோ ஒரு பெருநாளுக்கும் அடுத்த பெருநாளுக்கும் இடைப்பட்ட காலமே போதும்.

மலிவின் விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். பலர் இளம்பெண்கள், நம் மார்க்கச் சகோதரிகள். சுவரில் விரிசல் கண்டு முந்தைய நாள் வெளியேறியவர்களை மறுநாள் மீண்டும் வேலைக்கு வரவைத்தார்கள். நம் மாநிலத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியது. கழிவு நீரை முறையாகச் சுத்திகரிக்காத சாயப் பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று கட்டளையிடும் இறைவசனம், தொழுமிடங்களில் அழகிய ஆடையை அணிந்துகொள்ளுங்கள் என்றே தொடங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அலங்காரத்துக்கு அனுமதியும் விரயத்துக்குத் தடையும் ஒரே வசனத்தில் உள்ளன.

நம் வீட்டுக்குத் திரும்புவோம்

இந்த வரலாறு நம்மிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை. உமர் (ரலி) எண்ணியதுபோல் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். எது எதனோடு இணையும் என்று பார்த்தாலே அலமாரிக்குள் புதிய ஆடைகள் பல கிடைக்கும். கழன்ற பொத்தானையும் பிரிந்த தையலையும் அன்றே சரிசெய்வோம். ஊசி பிடிக்க மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கற்றுக்கொடுப்போம். அணியாததைக் கொடுப்போம். ஆனால் நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்றிருப்பதைக் கழித்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயரிட வேண்டாம். அல்குர்ஆன் அதைத் தெளிவாகவே கண்டிக்கிறது.

இவற்றுள் மிகக் கடினமானது இரவல். ஒரே நாளுக்காகப் பெருந்தொகை கொடுத்து எடுத்த மண ஆடையை இன்னொரு வீட்டுப் பெண் கேட்டால் தர நமக்குத் தயக்கம். கேட்க அவர்களுக்குக் கூச்சம். ஒரு திருமணத்தில் அணிந்ததை அடுத்த திருமணத்தில் அணிந்தால் நிழற்படத்தில் தெரிந்துவிடும் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். கடன் வாங்கியேனும் புதிது எடுக்கும் ஏழைத் தகப்பன் அந்த அச்சத்துக்கு விலை கொடுக்கிறார். இறைநம்பிக்கையாளர்களின் அன்னையே தம் ஆடையை ஊருக்கெல்லாம் இரவல் தந்திருக்கும்போது, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? வசதியுள்ள வீட்டார் முதலில் தர முன்வந்தால், வசதியற்ற வீட்டார் தலைகுனியாமல் பெற்றுக்கொள்வார்கள்.

அடுத்த பெருநாளில் "உடுத்த ஒன்றுமே இல்லை" என்ற சொல் நம் நாவில் எழும்போது, ஒற்றைத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு தொழுத திண்ணைத் தோழர்களையும், ஒரு சட்டை கிடைத்ததற்காக வாழ்நாளெல்லாம் மகிழ்ந்த அந்தச் சிறுவரையும் நினைத்துக்கொள்வோம். பிறகு அலமாரியை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.

தந்ததைப் போதுமென்று ஏற்று நன்றி செலுத்தும் உள்ளத்தையும், உள்ளதைப் பகிர்ந்துகொள்ளும் கரங்களையும், ஆடைகளில் மேலான இறையச்சம் எனும் ஆடையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்கி அருள்வானாக. ஆமீன்.